மணலுக்குள் நீரை அளந்தவர்: ஹென்றி டார்சி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர், காரியாபட்டி)

நம் இயற்பியல் பாடத்தில் அலகுகளாகவே நின்றுவிட்ட பெரியவர்கள் பலர். ஓம் என்றால் மின்தடை. பாஸ்கல் என்றால் அழுத்தம். நியூட்டன் என்றால் விசை. எண்ணுக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரை எழுத மறந்தால் அரை மதிப்பெண் போய்விடுமே என்ற அச்சத்தினாலேயே அவர்களை நாம் நாள்தோறும் நினைத்துக் கொண்டிருக்கிறோம்! அந்த வரிசையில் உட்கார வேண்டியவர், ஆயின் நம் வகுப்பறைக்குள் அதிகம் வராதவர் ஒருவர் உண்டு. எண்ணெய் வயல்களில் பணிபுரியும் பொறியாளர்கள் ஒரு பாறையைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்பது, இது எத்தனை டார்சி என்பதுதான். பாறையின் துளைகள் வழியே எண்ணெய் எவ்வளவு எளிதாக நகரும் என்பதைக் காட்டும் அலகு அது. அந்தப் பெயருக்கு உரியவர் தம் வாழ்நாளில் ஓர் எண்ணெய்க் கிணற்றைத் தோண்டியதும் இல்லை, எண்ணெயைப் பற்றி ஆராய்ந்ததும் இல்லை. அவர் கவலைப்பட்டதெல்லாம் குடிதண்ணீரைப் பற்றி. எங்கள் காரியாபட்டிச் சீமையில் பிறந்த எவனுக்கும் அந்தக் கவலை புரியும்.

ஹென்றி டார்சி 1803-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பிரான்சு நாட்டின் டிஜோன் நகரில் பிறந்தார். தந்தையார் வரி வசூல் அலுவலர். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விடலாம். ஆனால் போக முடியவில்லை. 1817-இல் தந்தை காலமானார். மகனுக்கு அப்பொழுது வயது 14. கைம்பெண்ணாய் நின்ற தாயார் இரண்டு பிள்ளைகளையும் எப்பாடு பட்டேனும் படிக்க வைப்பது என்று உறுதி பூண்டார். கடன் வாங்கி ஆசிரியர்களை அமர்த்தினார். உதவித்தொகையும் துணை செய்தது. மூத்தவர் ஹென்றி பொறியாளரானார். இளையவர் ஹ்யூக் பின்னாளில் ஒரு மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக உயர்ந்தார்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலில் மிதித்தவன் நான். சேர்க்கைக் கட்டணத்திற்காக அம்மாவின் தோடு எங்கே போயிற்று என்பதை இந்த இதழில் எழுதத் தேவையில்லை. இதைப் படிக்கும் நண்பர்களில் பாதிப்பேர் வீட்டுத் தோடுகளும் அங்கேதான் இருக்கின்றன. பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுதுவோர் பிறந்த தேதியையும் பெற்ற பட்டத்தையும் மறவாமல் குறிக்கிறார்கள். யார் கடன் வாங்கினார்கள் என்பதைச் சிலரே குறிக்கிறார்கள். டார்சியின் வரலாற்றில் அது குறிக்கப்பட்டிருக்கிறது என்பதே எனக்கு அவர்பால் முதல் ஈர்ப்பு.

1821-இல், பதினெட்டு வயதில், பாரிசில் இருந்த புகழ்பெற்ற பாலிடெக்னிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இக்காலத்து நம் பாலிடெக்னிக்குகளோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரெஞ்சு நாட்டின் மிகச் சிறந்த கணித மாணவர்கள் மட்டுமே புகக்கூடிய இடம் அது. இரண்டாண்டுகள் கழித்து பாலங்கள், சாலைகளுக்கான அரசுப் பொறியியல் பள்ளியில் சேர்ந்து தேறினார். அரசுப் பணி ஏற்றார். விரைவிலேயே சொந்த ஊரான டிஜோனுக்கே மாற்றம் கிடைத்தது. 1828-இல் ஹென்ரியெட் கேரி என்ற ஆங்கிலேயப் பெண்மணியை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை.

அன்றைய டிஜோனில் தண்ணீர் எப்படி இருந்தது? பெயர் பெற்ற நகரம், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்தது, கோபுரங்கள் நிறைந்தது. ஆயின் குடிக்க நல்ல நீர் கிடையாது. வீட்டுக் கிணறுகள் ஆழமற்றவை. பக்கத்திலேயே கழிவுக் குழிகள். ஊரைத் தொட்டு ஓடிய ஊஷ் ஆறும் தூய்மையானதல்ல. ஐரோப்பிய நகரங்களைக் காலரா வாரிக்கொண்டு போன காலம் அது. நூற்றாண்டுகளாக நகரத்தார் திட்டம் தீட்டுவதும் கைவிடுவதுமாக இருந்தனர். நகரின் நடுவே ஒரு சதுக்கத்தில் ஆழமாகத் துளையிட்டும் பார்த்தார்கள். தண்ணீர் தானே பீறிட்டு மேலே வரும் என்று எதிர்பார்த்தனர். நூறு மீட்டருக்கும் கீழே போயிற்று துளை. நீர் வந்தது, ஆனால் தரைமட்டம் வரை ஏறவில்லை, ஊருக்குப் போதுமானதாகவும் இல்லை. இளம் பொறியாளர் டார்சி அந்தக் கிணற்றின் நீர்வரத்தை முறையாக அளந்து, இதை நம்பி ஒரு நகரம் வாழ முடியாது என்று கண்டார். கிணறு தோற்ற இடத்தில் ஊற்றைத் தேடினார்.

டிஜோனுக்கு அப்பால் சுசோன் பள்ளத்தாக்கில் ரொஸ்வார் என்றோர் ஊற்று. 1834-இல் அந்த நீரை நகருக்குக் கொண்டுவரும் திட்டத்தை எழுதி முன்வைத்தார். அனுமதிகள், நிலம் எடுப்பு, வழக்கமான இழுபறிகள் ஆகியன முடிந்து 1839-இல் வேலை தொடங்கியது. 12.7 கிலோமீட்டர் நீளத்திற்கு மூடப்பட்ட கல் வாய்க்கால். வழி நெடுகிலும் ஒரே சீரான மெல்லிய சரிவு. 1840-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் ரொஸ்வார் நீர் டிஜோன் நகரின் தொட்டியில் வந்து விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில், 1844 வாக்கில், நகரத் தெருக்களுக்கடியில் சுமார் 28 கிலோமீட்டர் நீளத்திற்குக் குழாய்கள் பதிக்கப்பட்டன. இவை அனைத்தும் ஒரு பம்புகூட இல்லாமல்! உயரத்தில் இருந்த நீர் தாழ்வை நோக்கி ஓடும் என்ற ஒரே உண்மையை நம்பி ஒரு நகரமே தாகம் தீர்ந்தது.

அதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. ஏறக்குறைய நூறு மீட்டருக்கு ஒன்றாகத் தெருக்களில் பொதுக்குழாய்கள் வைக்கப்பட்டன. குடம் ஏந்தி வருவோர் எவரும் காசு தர வேண்டியதில்லை. பணம் படைத்தவர் தனிக் குழாய் வைத்துக் கொள்ளட்டும், கட்டணம் செலுத்தட்டும்; ஏழைக்குத் தெருக்குழாய் இலவசம் என்பது டார்சியின் கொள்கை. அன்று ஐரோப்பாவில் ரோமாபுரிக்கு அடுத்தபடி நல்ல நீர் வசதி பெற்ற நகரம் டிஜோன்தான் என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். டார்சியின் பெயரால் அமைந்த விதியைப் போற்றுவோர் பலர்; எனக்கோ அந்த நூறு மீட்டர்க் கணக்குதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது.

இந்தப் பணிக்காக நகராட்சி அவருக்குத் தரவேண்டிய தொகை சுமார் 55,000 பிராங்கு. அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். டார்சி அதைப் பெற மறுத்துவிட்டார். வற்புறுத்தியதன்பேரில் ஒரு தங்கப் பதக்கத்தையும், தம் வீட்டிற்கு வாழ்நாள் முழுவதும் கட்டணமில்லாத் தண்ணீரையும் மட்டும் ஏற்றுக்கொண்டார். ஓர் ஊர்க் கண்மாயின் மடையைச் செப்பனிட்டதற்கே ஊர் நடுவில் பெயர்ப் பலகை நாட்டிக்கொள்ளும் வழக்கத்தைக் கண்டு பழகிய நமக்கு இது கதைபோல் இருக்கிறது.

பாரிசிலிருந்து லியோன் நகருக்குச் செல்லும் இருப்புப்பாதை டிஜோன் வழியாகப் போக வேண்டும் என்று பாடுபட்டவர்களில் அவர் முதன்மையானவர். இடையே மலை மறித்தது. பிளேசி என்ற இடத்தில் நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் சுரங்கவழி அமைக்கலாம் என்று காட்டினார். இந்தச் சுரங்கத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1848-இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. புதிய ஆட்சியினர் பழைய ஆட்சிக்கு வேண்டியவர்கள் என்று சிலரை ஒதுக்கினர். டார்சியின் பெயரும் அதில் இருந்தது. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரை ஊரைவிட்டே மாற்றினார்கள். டிஜோன் மக்கள் முறையிட்டும் பயனில்லை. பூர்ஷ் நகருக்குச் சென்றார். ஆயினும் திறமையை நெடுநாள் மூலையில் போட்டுவைக்க முடியுமா? விரைவில் பாரிசு நகரத்தின் நீர் வழங்கலுக்கும் தெருத் தளங்களுக்கும் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அங்கே குழாய்களில் நீர் ஓடும்போது உராய்வால் எவ்வளவு அழுத்தம் வீணாகிறது என்பதைப் பெரிய அளவில் சோதித்தார். குழாயின் உட்புறம் சொரசொரப்பாய் இருந்தால் இழப்பு மிகும் என்பதை அளவோடு நிறுவினார். பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் டார்சி - வைஸ்பாக் சமன்பாட்டில் அவர் பெயர் இடம்பெற்றது இதனால்தான்.

உடல்நலம் கெட்டது. 1855-இல் நிர்வாகப் பொறுப்புகளிலிருந்து விடுபட்டு டிஜோனுக்குத் திரும்பினார். ஓய்வெடுக்க வேண்டிய மனிதர் ஓய்வெடுக்கவில்லை. அவர் மனத்தில் நெடுங்காலமாக ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. நகரங்களில் ஆற்றுநீரை மணல் வழியே வடிகட்டிக் கொடுக்கிறார்கள். எவ்வளவு பரப்பில், எவ்வளவு தடிப்பில் மணல் போட்டால் எவ்வளவு நீர் வடியும்? ஒவ்வொருவரும் அனுபவத்தைக் கொண்டு ஒரு கணக்குச் சொன்னார்களே தவிர விதி ஒன்றும் இல்லை.

டிஜோன் மருத்துவமனையின் முற்றத்தில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய் ஒன்று செங்குத்தாக நிறுத்தப்பட்டது. உட்புற விட்டம் 35 சென்டிமீட்டர். சோன் ஆற்று மணல் அதில் நிரப்பப்பட்டது. மேலும் கீழும் பாதரச அழுத்தமானிகள். மேலிருந்து நகரக் குழாய் நீரைச் செலுத்தி, கீழே குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு வந்தது என்று அளந்தார்கள். 1855 அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் முதல் சோதனைகள். 1856 பிப்ரவரியில் ரிட்டர் என்ற இளம் பொறியாளர் மேலும் சில சோதனைகளை நடத்தினார். நம் ஆய்வுக்கூடத்தில் எல்லாம் அமைதியாக இருந்தும் அளவீடுகள் ஒத்துவருவதில்லை. அங்கேயோ மருத்துவமனையின் பிற குழாய்களை யாராவது திறந்து மூடும்போதெல்லாம் பாதரசம் ஏறி இறங்கி ஆடியது! அந்த ஆட்டத்திற்கிடையிலும் உண்மை தெளிவாய் வெளிப்பட்டது. நீரின் அளவு மணல் தூணின் குறுக்குப் பரப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. மேலும் கீழும் உள்ள நீர்மட்ட அழுத்த வேறுபாட்டிற்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. மணலின் தடிப்பிற்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. எஞ்சிய மாறிலி மணலின் தன்மையைப் பொறுத்தது. இவ்வளவே டார்சி விதி. ஓம் விதியைப் படித்தவனுக்கு இதில் புதியதொன்றும் இல்லை: மின்னழுத்த வேறுபாட்டிற்குப் பதில் நீரழுத்த வேறுபாடு, மின்னோட்டத்திற்குப் பதில் நீரோட்டம்.

1856-இல் டிஜோன் நகரப் பொதுக்குழாய்களைப் பற்றி 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல் ஒன்றை வெளியிட்டார். உலகப் புகழ்பெற்ற அந்த விதி நூலின் நடுவிலும் இல்லை, முன்னுரையிலும் இல்லை. பின்னிணைப்பில் ஒரு குறிப்பாக ஒதுங்கி நிற்கிறது.

இனிமேல்தான் என் கட்டுரையின் நெஞ்சுப்பகுதி. டார்சியின் மாறிலியில் மணலின் தன்மை மட்டுமன்றி ஓடும் திரவத்தின் தன்மையும் ஒளிந்திருந்தது. நீர் ஒன்றையே அவர் பயன்படுத்தியதால் அது வெளியே தெரியவில்லை. நீருக்குப் பதிலாகக் கருப்பட்டிப் பாகை அந்தக் குழாயில் ஊற்றியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். திரவத்தின் பாகுநிலை கூடக் கூட ஓட்டம் அதே விகிதத்தில் குறையும். பின்வந்தவர்கள் பாறையின் பங்கையும் திரவத்தின் பங்கையும் தனித்தனியே பிரித்தார்கள். பாறையின் பங்கை அளக்க 1933-இல் ஓர் அலகை அமைத்து, அதற்கு டார்சியின் பெயரைச் சூட்டினார்கள்.

நிலத்தடி எண்ணெய், ஏரிபோல் ஓரிடத்தில் தேங்கி நிற்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது மணற்பாறையின் நுண்துளைகளில், பஞ்சில் நீர்போல் ஊறிக் கிடக்கிறது. பல வயல்களில் அப்படிப்பட்ட மணலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இடையிடையே களிப்பாறை தடுக்க, அடுக்குப் பாத்திரம் போல் அமைந்துள்ளன. குஜராத்தில் 1960-இல் எண்ணெய் கண்ட அங்கலேஸ்வர் அத்தகைய பல அடுக்கு வயல். அதே மாநிலத்தின் வடக்கே மெஹ்சானாப் பகுதியில் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறியப்பட்ட சாந்தல், பாலோல் முதலிய வயல்களோ இன்னும் கடினமானவை. அங்கும் மணல் அடுக்குகள்தாம். சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இருப்பவை. ஆனால் எண்ணெய், நீரைவிடப் பன்மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குக்கும் மேல் பாகுநிலை உள்ள கன எண்ணெய்.

ஒவ்வோர் அடுக்கிற்கும் ஒரு கிணறு தோண்டப் பணம் போதாது. கடலுக்குள் மேடையமைத்து எடுப்பவர்கள் நிலை அதைவிட மோசம். சீனாவின் பொஹாய் கடலில் பல அடுக்குக் கன எண்ணெய் வயல்கள் உள்ளன, அங்கே ஒரு கிணறு கூடினாலும் செலவு மலைபோல் ஏறும். ஆகவே ஒரே கிணற்றுக் குழாயில் எல்லா அடுக்குகளையும் திறந்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என்னுடையவை, எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. மேல் அடுக்கின் அழுத்தம் 100. கீழ் அடுக்கின் அழுத்தம் 80. பாறையும் எண்ணெயும் இரண்டிலும் ஒன்றே. கிணற்றின் அடியில் அழுத்தம் 60 என்று வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால், டார்சி விதிப்படி மேலடுக்கு 40 பங்கும் கீழடுக்கு 20 பங்கும் தரும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் 60 வரும் என்றுதானே சாதாரணமாகக் கூட்டுவோம்? வராது. இரண்டின் ஓட்டமும் ஒரே குழாயில் புகுந்ததும் குழாயும் பம்பும் அவ்வளவையும் உடனே வெளியேற்ற இயலாமல் திணறுகின்றன. கிணற்றடியில் அழுத்தம் ஏறுகிறது. அது 75-க்கு ஏறிவிட்டால் மேலடுக்கு 25, கீழடுக்கு 5. ஆக மொத்தம் 30. பாதி போயிற்று! இன்னும் ஏறி 85 ஆனால் என்ன ஆகும்? மேலடுக்கு 15 தரும். கீழடுக்கின் அழுத்தம் 80 தானே. ஆகவே ஓட்டம் திரும்பி, மேலடுக்கின் எண்ணெயில் 5 பங்கு கீழடுக்குக்குள்ளேயே நுழையும். தரைக்கு வருவது 10 பங்குதான். அடுக்குகளுக்கு இடையே களிப்பாறை சுவர்போல் நின்றாலும், நாம் போட்ட துளையே அவை சண்டையிடும் வாசலாகிவிடுகிறது. இதைத்தான் அடுக்கிடைக் குறுக்கீடு என்கிறார்கள்.

கன எண்ணெயில் இது இரட்டிப்பாகிறது. சிறுவயதில் பப்பாளிக் காம்பால் உறிஞ்சிக் குடித்திருப்போம். ஒரு காம்பை இளநீரிலும் மற்றொன்றைக் கெட்டியான கம்மங்கூழிலும் வைத்து, இரண்டையும் ஒரே வாயில் சேர்த்து உறிஞ்சிப் பாருங்கள். இளநீர்தான் வரும், கூழ் காம்புக்குள் ஒட்டிக்கொண்டு அசையாது. மேலும், மிகக் கெட்டியான எண்ணெய் சிறிய அழுத்த வேறுபாட்டிற்கு நகர்வதே இல்லை. ஒரு குறிப்பிட்ட தள்ளுதல் கிடைத்த பின்னரே புறப்படும். டார்சியின் நேர்கோடு அங்கே சுழியிலிருந்து தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்குகிறது. வலிய அடுக்கு கிணற்றழுத்தத்தை உயர்த்திவிட, மெலிந்த அடுக்கிற்கு அந்தக் குறைந்தபட்சத் தள்ளுதலும் கிடைக்காமல் போகிறது. முதல் நாளிலிருந்தே அது ஊமை.

அடுத்த கட்டம் இதைவிட வருத்தம் தருவது. வலிய அடுக்கின் எண்ணெய் விரைவில் தீர, அதன் பின்னாலிருந்த நிலத்தடி நீர் கிணற்றுக்குள் புகும். நீருக்குப் பாகுநிலை குறைவு. எனவே அந்த அடுக்கின் ஓட்டம் முன்னிலும் எளிதாகிறது. இப்பொழுது கிணறு நிறைய வருகிறது, ஆனால் வருவது தண்ணீர். மெலிந்த அடுக்கில் எண்ணெய் அப்படியே கிடக்கிறது. கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நம்முடையது. கண்டுபிடித்த எண்ணெயைக் காலடியிலேயே விட்டுவிட்டு வருவது நமக்குத் தாங்கக்கூடிய செலவா?

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. கிணற்றுக்குள் பேக்கர் எனப்படும் ரப்பர் அடைப்பான்களை வைத்து அடுக்குகளைப் பிரித்து, தனித்தனிக் குழாய் வழியே எடுக்கலாம். ஒத்த குணமுள்ள அடுக்குகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வாதவற்றை வேறு கிணற்றுக்கு விடலாம். மெஹ்சானாவில் எண்ணெய் - இயற்கை எரிவாயு நிறுவனத்தார் வேறொரு துணிச்சலான வழியை எடுத்தனர். நிலத்தடியிலேயே தீ மூட்டினார்கள்! பாறைக்குள் காற்றைச் செலுத்தி, எண்ணெயில் ஒரு சிறு பகுதியை எரியவிட்டு, அந்த வெப்பத்தால் எஞ்சியதை இளக்கி ஓடவைக்கும் முறை அது. 1990-இல் பாலோலில் சோதனையாகத் தொடங்கி, 1997-இல் பாலோல், சாந்தல் வயல்களில் வணிக அளவில் விரிவாக்கினர். டார்சி விதியில் பாறையை மாற்ற முடியாது. திரவத்தின் பாகுநிலையை மாற்றலாம் என்பதே இதன் தத்துவம். பட்டாசுக் கட்டுக்குப் பெயர்போன மாவட்டத்தில் பிறந்த எனக்கு, ஆயிரம் மீட்டர் ஆழத்தில் யார் கண்ணிலும் படாமல் கட்டுக்குள் எரியும் அந்தத் தீயின்மீது தனி மரியாதை.

இவ்வளவையும் எங்கோ குஜராத்தில் நடப்பது என்று கேட்டுக் கொண்டிருந்த நண்பர் ஒருவருக்கு எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றைச் சொன்னேன். காரியாபட்டி வட்டாரத்தில் அடியில் இருப்பது கடும்பாறை. மேலே உளுத்த பாறையில் கொஞ்சம் நீர். கீழே பல ஆழங்களில் வெடிப்புகளில் கொஞ்சம் கொஞ்சம் நீர். போர் போடுவோர் மேல்பகுதிக்கு மட்டும் கேசிங் குழாய் இறக்கி, கீழே வெறும் பாறையாகவே விட்டுவிடுவர். பலரும் ஆழத்தில் இறைக்க இறைக்க, கீழ் வெடிப்பின் அழுத்தம் மேல் ஊற்றினுடையதைவிடத் தாழ்ந்துபோகிறது. பிறகு மோட்டார் ஓடாத நடு இரவிலும் மேல் ஊற்றின் நீர் அந்தத் துளை வழியே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஓய்ந்த நேரத்தில் குழாயின் வாயில் காதை வைத்தால், உள்ளே சொளசொளவென்று நீர் விழும் ஓசை கேட்கும். ஆழத்தில் நல்ல ஊற்று இருக்கிறது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு! அது கீழ் ஊற்று வரும் ஓசையன்று. மேல் ஊற்று போகும் ஓசை. பக்கத்துத் தோட்டத்தின் பழைய வெட்டுக்கிணறு வற்றியதும் போர்க்காரனையும் அண்டை நிலத்துக்காரரையும் ஏசினார்கள். யாரும் திருடவில்லை. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு நீர் சென்றது, அவ்வளவுதான். டிஜோன் மருத்துவமனை முற்றத்தில் 35 சென்டிமீட்டர்க் குழாயில் கண்டதேதான் எங்கள் ஆறரை அங்குலத் துளையிலும் நடந்தது. மேல் வெடிப்புகளையும் சரியாக அடைத்துக் கேசிங்கை இன்னும் கொஞ்சம் ஆழம் இறக்கியிருந்தால் அந்த வெட்டுக்கிணறு இன்றும் ஊறிக்கொண்டிருக்கும் என்பது என் கருத்து. செலவு கூடுமே என்றார் என் தந்தையார். கூடத்தான் செய்யும்.

டார்சியிடம் திரும்புவோம். பெருநூல் வெளிவந்த பின்னும் அவர் கை ஓயவில்லை. டிஜோன் அருகே வாய்க்காலில் நீரோட்டத்தைப் பற்றிய சோதனைகளைத் தொடங்கினார். அவற்றை முடிக்க அவருக்கு ஆயுள் இடம் தரவில்லை. உதவியாளர் பாசான் தொடர்ந்து நடத்தி 1865-இல் வெளியிட்டார். குழாய்ச் சோதனைகளைப் பற்றிய நூல் மட்டும் 1857-இல் அவர் கண்முன் அச்சேறியது. கிணற்றை நோக்கி நீர் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து குவிவதற்கு டார்சி விதியைப் பொருத்திக் காட்டியவர் டூப்புயி. பாரிசில் டார்சிக்குப் பின் அதே பொறுப்பில் அமர்ந்தவர். இன்று எண்ணெய்க் கிணறுகளுக்குப் போடும் கணக்கின் வேர் அங்கே இருக்கிறது.

1858-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள், பாரிசு சென்றிருந்தபோது நுரையீரல் அழற்சி கண்டு டார்சி காலமானார். வயது 54. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் துளைத்த கிணற்றில் எண்ணெய் கண்டது 1859 ஆகஸ்டில். டார்சி மறைந்து ஓராண்டும் ஏழு மாதமும் கழித்து. தம் பெயர் எந்தத் தொழிலில் அலகாக நிலைக்கப்போகிறதோ அந்தத் தொழில் அவர் கண்மூடும்போது பிறக்கவே இல்லை.

உடலை இரயிலில் டிஜோனுக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் அந்த இரயில் பிளேசிச் சுரங்கத்தைக் கடந்து வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் அரசு வெளியேற்றிய மனிதரை வரவேற்க நகரமே திரண்டது. ரொஸ்வார் நீர் வந்து விழும் தொட்டிக்கு அருகிலிருந்த சதுக்கத்திற்கு நகரவை உடனே டார்சியின் பெயரைச் சூட்டியது. அந்தச் சதுக்கம் இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது; தொட்டியைச் சுற்றிப் பின்னாளில் எழுப்பிய பூங்காவிற்கும் அவர் பெயர்தான்.